இரண்டாவது வாழிடம்

ஏற்கெனவே தெரிந்த வண்டுதான் என்றது இயந்திரம்.

ஜெசிந்தா மூன்று முறை அதை ஸ்கேனர் மேடையில் வைத்து எடுத்தாள். மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது. மரம் துளைக்கும் சாதாரண வண்டு, தென்மாவட்டங்களில் எங்கும் உண்டு, நிறம் மட்டும் சற்று வேறு. அதோடு விட்டிருக்கலாம். பூச்சிகளை அடையாளம் காணும் வேலை முழுக்க இயந்திரங்களின் கைக்குப் போய் இருபது வருடம் ஆகியிருந்தது. அந்த அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவள். ஐம்பத்திரண்டு வயதில், பெட்டிகளுக்கு அந்துருண்டை மாற்றுவதும் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும்தான் அவளுடைய வேலையாக இருந்தது.

ஆனால் எதிரே ஸ்டூலில் ஒருவன் காத்திருந்தான். பெயர் சாத்தையா. ஓலையூரணியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவன். நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. தூரைப் பிளக்கும்போது உள்ளே நீலமாக மின்னியதாம். வண்டை ஒரு துண்டு வேரோடு சேர்த்துத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

"இம்புட்டு நீலமா நான் பாத்ததில்ல டாக்டரம்மா. அதான் கொண்டாந்தேன். ஒண்ணுமில்லேன்னா சொல்லிருங்க, கெளம்புறேன்."

"இருங்க சாத்தையா. உள்ள ஒரு தடவை பாத்துடலாம்" என்றாள்.

பூச்சியை வெளியிலிருந்து மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிற பழக்கம் அவளுக்கு இல்லை. வண்டை மெழுகில் மல்லாத்தி ஊசி குத்தி, லென்ஸுக்கு அடியில் வைத்துத் திறந்தாள். நீளம் பதினான்கு மில்லிமீட்டர். முதுகு கருநீலம், வயிறு செம்பு நிறம். உணர்கொம்பில் பதினொரு கணுக்கள். நான்காவது கணுவிலிருந்து ரம்பப் பல் தொடங்கியது. தெரிந்த வண்டில் அது ஐந்தாவதில்தான் தொடங்கும். மேல் சிறகு இரண்டிலும் நான்கு நான்கு மேடுகள் இருந்தன. ஆண் உறுப்பின் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. இது வேறு வண்டு. இதுவும் தெரிந்த வண்டும் ஒன்றோடொன்று கூடவே முடியாது.

பிறகு தாடையை அறுத்துப் பார்க்கப் போனாள். பிளேடின் முனை உடைந்தது.

அன்று மாலைக்குள் அந்தத் தாடை நுனியில் என்ன இருக்கிறது என்று சோதனைக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். சாத்தையா அதுவரை போகாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தான்.

"கோபால்ட்" என்றாள் ஜெசிந்தா. "மத்த வண்டுங்க தாடையில துத்தநாகம், மாங்கனீசுன்னு கொஞ்சம் இருக்கும், கடினமா இருக்கணும்னு. இதுல கோபால்ட் இருக்கு."

"பேட்டரிக்குள்ள இருக்கும்பாகளே, அதுவா?"

"அதேதான்."

சாத்தையாவின் முகம் மாறியது. ஓலையூரணியின் கதை அவளுக்கும் செய்தித்தாளில் படித்த அளவில் தெரியும். பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து உலோகம் பிரிக்கும் ஆலை அங்கே முப்பத்து நான்கு வருடம் ஓடியது. அது மூடி இருபத்தாறு வருடம். ஊரில் பிள்ளைகளுக்குக் காது மந்தமானது, பெரியவர்களுக்கு இதயம் வீங்கியது. மண்ணைச் சுத்தம் செய்து தர வேண்டும் என்று ஊர்க்காரர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். வழக்கைப் போட்டவர் சாத்தையாவின் அப்பா. அவர் இறந்த பிறகு சாத்தையா. பதினெட்டு வருடமாக ஆலைக்காரர்கள் ஒரே வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: உலோகமெல்லாம் மழையில் கரைந்து போய்விட்டது, இப்போது இருப்பது சாதாரண மண்தான்.

"இதைத் தின்னா வண்டு சாகாதா?" என்று கேட்டான்.

"முதல்ல நிறைய செத்திருக்கும். தாங்கிப் பொழச்சதோட வாரிசுதான் இது. ஆலை வந்து அறுபது வருஷம் ஆச்சுல்ல. வண்டுக்கு அது அறுபது தலைமுறை."

"நாங்க ரெண்டு தலைமுறைதான டாக்டரம்மா" என்றான் அவன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஜெசிந்தா வேறு எதுவும் செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஓலையூரணிக்குப் போனாள். சாத்தையா தூர் பறித்துக் கொடுத்தான். அவள் புழுக்களை எடுத்து வந்து வளர்த்தாள். பாதியை ஓலையூரணி வேரிலும் பாதியை வெளியூரிலிருந்து கொண்டுவந்த நல்ல வேரிலும் விட்டாள். ஓலையூரணி வேரிலிருந்த வண்டுகள் பட்டையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தன. நல்ல வேரில் விட்டவை வரவில்லை. பிளந்து பார்த்தாள். ஏழு வண்டுகள், முழுதாக வளர்ந்தவை, துளையின் முனைவரை வந்து பட்டைக்கு ஒரு நூல் அளவு உள்ளே செத்துக் கிடந்தன. அவற்றின் தாடைகள் ஊறிய நகம்போல வளைந்திருந்தன.

அதைப் பார்த்தபோது அவளுக்குப் பரிதாபமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. தன் விளக்கக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் எழுதினாள்: 'கோபால்ட் இல்லாத வேரில் இவ்வண்டு முழு வளர்ச்சி அடைகிறது, ஆனால் தாடை கடினமாகாததால் வெளியேற இயலாமல் மரத்துக்குள்ளேயே இறக்கிறது. எனவே இது உயிர்வாழும் மண்ணில் கோபால்ட் இருப்பது உறுதி.'

வண்டுக்கு ஓலையூரணியின் பெயரையே வைத்தாள். ஊர்க்காரர்களின் வக்கீல் அந்தக் கடைசிப் பத்தியைத் தீர்ப்பாயத்தில் சத்தமாகப் படித்தார். பங்குனியில் உத்தரவு வந்தது. ஆலைக்காரர்கள் ஊரின் முந்நூறு ஏக்கரிலும் ஆறடி ஆழத்துக்கு மண்ணை அள்ளிச் சுத்தம் செய்து, திரும்ப நிரப்பித் தரவேண்டும்.

அன்று சாத்தையா அருங்காட்சியகத்துக்கு வந்தான். கையில் இரண்டு கிலோ கருப்பட்டி. கூடவே அவன் மனைவி செகப்பியும், பதினோரு வயது மகள் மீனாளும். அவர்கள் அவனோடு வசிக்கவில்லை என்பது ஜெசிந்தாவுக்கு அன்றுதான் தெரிந்தது. பிள்ளைகள் உள்ள குடும்பங்களை அரசாங்கம் ஆறு வருடம் முன்பே பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் புது ஓலையூரணி என்று ஓர் ஊர் கட்டி அங்கே குடிவைத்திருந்தது. சாத்தையா மட்டும் போகவில்லை. வழக்குப் போட்டவர் ஊரைவிட்டுப் போனால் வழக்கு தள்ளுபடியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவான்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க டாக்டரம்மா, அவளுக்குக் காது மந்தம்" என்றாள் செகப்பி. "சின்னதுல பழைய ஊர்ல இருந்தாள்ல. புது ஊருக்குப் போனாச் சரியாயிரும்னாக. கேக்குறது இன்னும் கொறஞ்சுக்கிட்டேதான் வருது. ஒடம்புல பழைய வெசம் இருக்கும், போகப் போக எறங்கும்னு ஆசுபத்திரில சொல்றாக."

மீனாள் ஜெசிந்தாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டு காட்டுவீங்களா?" என்று வேண்டியதைவிட உரக்கக் கேட்டாள்.

வைகாசியில் மண் அள்ளும் இயந்திரங்கள் ஓலையூரணிக்கு வந்து இறங்கின. ஒன்பதாவது நாள் அவற்றை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தச் சொன்னது உயிரினக் காப்பு வாரியம். அதன் அதிகாரி சிதம்பரேசன் தானே ஜெசிந்தாவைத் தேடி வந்தார். மெல்லப் பேசுகிற, மரியாதையான மனிதர்.

"மேடம், உங்க தாடைப் படத்தைப் பெருசாக்கி எங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கோம். இயந்திரம் கோட்டைவிட்டதை நீங்க பிடிச்சீங்க. எங்க எல்லாருக்கும் பெருமை."

"வேலையை ஏன் சார் நிறுத்தினீங்க?"

"ஓரிட உயிரினச் சட்டம் இருக்கே மேடம். ஒரே ஓர் இடத்துல மட்டும் வாழுற உயிர்னா அந்த இடத்தை யாரும் மாத்தக் கூடாது. எத்தனையோ உயிர்களைத் தொலைச்சிட்டுப் போட்ட சட்டம். கோபால்ட்டை எடுத்துட்டா இந்த வண்டு செத்துடும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கடைசிப் பத்தியில."

ஜெசிந்தா சொன்னாள்: "அங்க அறுபது வீடு இருக்கு சார். இன்னும் ஆளுங்க இருக்காங்க."

"அவங்க தாராளமா இருக்கலாம் மேடம். மண்ணைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் போன பிறகு அவள் தன் வாழ்க்கையில் செய்யாத காரியத்தைச் செய்தாள். தன் கட்டுரை தவறு என்று வாரியத்துக்கு எழுதினாள். அது புது வண்டு அல்ல, பழைய வண்டின் நிற மாற்றம்தான். உணர்கொம்புக் கணுக்களை எண்ணியதில் பிழை நேர்ந்துவிட்டது. ஆண் உறுப்பு பதப்படுத்தும்போது கிழிந்திருக்கலாம். பொய்களை எழுத இரண்டு நாள் ஆனது. பத்து நாளில் பதில் வந்தது. மூன்று ஆய்வகங்கள் வண்டைத் திறந்து பார்த்துவிட்டன. முனைவர் ஜெசிந்தாவின் உடலமைப்பு விளக்கம் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் துல்லியமானது. இயந்திரத்துக்கும் அதைக் கற்றுக்கொடுத்தாயிற்று.

சாத்தையாவிடம் இதைச் சொல்ல ஓலையூரணிக்குப் போனாள். அவன் மூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு மம்பட்டியைக் கீழே போடாமலே நின்றான்.

"நான் அன்னைக்கு அதக் கொண்டாந்துருக்கக் கூடாது" என்றான்.

"நான் திறந்து பாத்திருக்கக் கூடாது."

"இனி வழியே இல்லையா டாக்டரம்மா?"

"ஒண்ணு இருக்கு. இந்த வண்டு இன்னோர் இடத்துலயும் இருக்குன்னு காட்டணும். ரெண்டு இடம் இருந்தா ஒண்ணைக் காப்பாத்திக்கிட்டு மத்ததை விட்டுடலாம்னு சட்டத்துலயே இருக்கு."

அதன்பின் எட்டு மாதம் இருவரும் தேடினார்கள். மூடிப்போன ஆலைகளின் பின்புறம், பழைய குப்பைமேடுகள், கருவேலம் அண்டிய கண்மாய்கள். சாத்தையா கடப்பாரையால் தூரை நெம்புவான். ஜெசிந்தா துளையைத் தேடுவாள். இரண்டு மாவட்டங்களில் நானூறு தூர்களுக்கு மேல் பறித்தார்கள். எங்கும் பழைய வண்டுதான் இருந்தது. தேடியதில் சாத்தையாவின் ஞாயிற்றுக்கிழமைகள் பல போயின. ஒருமுறை மீனாளைப் பார்த்துவிட்டு வந்து, "கூப்புட்டா பாதி நேரம் திரும்புறதில்ல" என்று மட்டும் சொன்னான்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, அருங்காட்சியகம் திறக்கும் முன்பே அவன் வாசலில் நின்றிருந்தான். கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே நீல வண்டு.

ஜெசிந்தா அங்கேயே, வாசற்படியிலேயே, கைலென்ஸை எடுத்துப் பார்த்தாள். நான்காவது கணுவில் ரம்பப் பல்.

"எங்க கிடைச்சுது?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "எங்க சாத்தையா?"

அவன் சிரிக்கவில்லை. "புது ஊர்ல. பள்ளிக்கூடத்து வேலிக் கருவையில இருந்துச்சுன்னு மீனா புடிச்சுக் குடுத்தா." அவசரமாகத் தொடர்ந்தான். "வெறகோட வந்துருக்கும் டாக்டரம்மா. எங்க ஊருக் கருவ வெறகத்தான அங்க அடுப்புக்குக் கொண்டுபோறாக. வெறகுல இருந்த புழு வளந்து பறந்துருக்கும். ராத்திரி பூரா யோசிச்சுட்டேன். அப்படித்தான் இருக்கும், இல்ல?"

"இருக்கலாம்" என்றாள். "விறகுல வந்ததுன்னா அங்க உயிரோட நிக்கிற மரத்து வேர்ல புழு இருக்காது. பாத்துடலாம்."

இருவரும் அப்போதே கிளம்பினார்கள். எட்டு மாதம் எந்த வண்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அலைந்தார்களோ, அது அந்த வேரில் இருக்கக் கூடாது என்று ஜெசிந்தா வேண்டிக்கொண்டே போனாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கருவேலம் வரிசையாக வளர்ந்திருந்தது. பாடம் நடக்கும் சத்தம் கேட்டது. சாத்தையா ஓரத்து மரம் ஒன்றின் தூரைத் தோண்டி வேரை வெட்டி எடுத்தான். ஜெசிந்தா கத்தியால் நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே புழுக்கள் இருந்தன. அரிசி அளவில் சில, விரல்நுனி அளவில் சில, கூட்டுப்புழு ஆனவை இரண்டு. மூன்று பருவங்கள். இங்கேயே முட்டையிட்டு, இங்கேயே வளர்ந்தவை. இரண்டாவது மரத்திலும் இருந்தன. மூன்றாவதில் பறக்கத் தயாரான வண்டு ஒன்று இருந்தது. அதன் தாடையைக் கத்தி முனையால் அழுத்தினாள். வளையவில்லை.

"சொல்லுங்க" என்றான் சாத்தையா.

"இந்த மண்ணுலயும் இருக்கு."

மதியச் சாப்பாட்டுக்காக மகளைக் கூப்பிட வந்த செகப்பி, தோண்டிய குழியையும் அவர்களையும் பார்த்துவிட்டு நின்றாள். ஜெசிந்தா அவளிடமும் அதையே சொன்னாள்.

"இங்க ஏது ஆலை?" என்றாள் செகப்பி. "இது வெறும் பள்ளக்காடு. மழைக்குத் தண்ணி நிக்கும்னு லாரி லாரியா மண்ணடிச்சு மேடாக்குனதுக்கு அப்பறந்தான வீட்டக் கட்டுனாக."

"எங்கேயிருந்து வந்த மண்ணு?"

செகப்பிக்குத் தெரியவில்லை. சாத்தையா குழியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தான். எட்டு வருடம் முன்பு, வழக்கு நடக்கும்போதே, முதல் கட்டம் என்று சொல்லி ஆலை வளாகத்து மேல்மண்ணை மட்டும் அள்ளினார்கள். பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள்.

"நாந்தான் லோடு ஏத்துனேன்" என்றான் அவன். "நாலு மாசம். ஊரவிட்டு வெசம் போகுது, பாத்துக்கங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டே ஏத்துனேன்."

செகப்பி பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் பிள்ளைகள் தட்டுகளோடு மண்ணில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி விரலால் தரையில் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருசம்" என்றாள் செகப்பி. "பழைய வெசம் எறங்கும் எறங்கும்னு ஏழு வருசம்."

ஜெசிந்தா சட்டத்தை அவர்களுக்கு மறைக்காமல் சொன்னாள். இதைப் பதிவு செய்தால் வண்டுக்கு இரண்டு இடம் என்றாகும். ஓர் இடத்தைச் சுத்தம் செய்ய விடுவார்கள். இன்னொன்றைத் தொடவே கூடாது.

"பதியலேன்னா?"

"இங்க கோபால்ட் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பிள்ளைங்க இப்படியே இருப்பாங்க."

சாத்தையா வெகுநேரம் யோசிக்கவில்லை. "பதிஞ்சிருங்க. இந்த எடத்தச் சுத்தம் பண்ணச் சொல்லி எழுதுங்க. எங்க ஊரு வண்டுக்கே இருக்கட்டும். நாங்க இருக்குற அறுபது வீடும் கெழடுகட்டதான். நான் பேசிக்கிறேன்."

அவன் பேசவும் செய்தான். பழைய ஓலையூரணியில் அறுபது வீட்டுக்காரர்களும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பத்தொன்பது வருடம் எதற்காகப் போராடினார்களோ அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் மட்டும் அழுதார்கள் என்று சாத்தையா சொன்னான். ஜெசிந்தா அந்தக் காகிதத்தைத் தன் அறிக்கையோடு இணைத்து அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்து வாரியத்தின் ஆணை வந்தது. இரண்டாவது வாழிடம் உறுதி செய்யப்பட்டது. பழைய ஓலையூரணியில் மண் சுத்திகரிப்புக்கு இருந்த தடை விலக்கப்பட்டது. புது ஓலையூரணியின் பள்ளி வளாகமும் அதைச் சுற்றிய நாற்பது ஏக்கரும் காக்கப்பட்ட வாழிடமாக அறிவிக்கப்பட்டன.

ஜெசிந்தா ஆணையை இரண்டு முறை படித்தாள். பிறகு சிதம்பரேசனைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், மாத்திப் போட்டிருக்கீங்க. நாங்க கேட்டது புது ஊரைச் சுத்தம் பண்ணச் சொல்லி."

"பாத்தேன் மேடம். அந்தக் கடிதம் மனசைத் தொட்டுச்சு." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஆனா பழைய ஊருக்குத்தான் தீர்ப்பாய உத்தரவு இருக்கு. ஆலைக்காரங்க சுத்தம் பண்ணியே ஆகணும். அறுபது பேர் கடிதம் எழுதினா அது ரத்தாகாது. புது ஊருக்கு என்ன இருக்கு? உத்தரவு கிடையாது, வழக்கு கிடையாது. ரெண்டுல ஒண்ணை விடணும்னா உத்தரவு உள்ளதைத்தானே விட முடியும்?"

"அங்க நூத்திப்பத்து பிள்ளைங்க இருக்காங்க."

"வழக்குப் போடச் சொல்லுங்க மேடம். நியாயம் அவங்க பக்கம்தான் இருக்கு."

ஆணையின் பின்பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. சுத்திகரிப்பு நடக்கும் எட்டு ஆண்டுகளும் பழைய ஊரில் எஞ்சியிருப்பவர்கள் புது ஓலையூரணியில் தங்கவைக்கப்படுவார்கள்.

ஆடி மாதம் அவர்களை வேன்களில் ஏற்றி வந்தார்கள். ஜெசிந்தா வக்கீல் கொடுத்த மனுவோடு காலையிலேயே வந்து செகப்பியின் வீட்டில் காத்திருந்தாள். பள்ளிக்கூடத்து வேலியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள்.

"எங்க போடணும்?" என்று செகப்பி பேனாவை வாங்கினாள்.

"மூணாவது பக்கத்துல, கீழ. நல்லா யோசிச்சுக்கங்க. மனுதாரர்னு கையெழுத்துப் போட்டா, வழக்கு முடியிற வரைக்கும் நீங்க இந்த ஊரைவிட்டுப் போக முடியாது."

"போறதுன்னா எங்க போறது" என்று சொல்லிக்கொண்டே செகப்பி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "அவரு கேசுக்குப் பத்தொம்பது வருசம்" என்றாள்.

வேன் வந்து நின்றது. சாத்தையா கடைசியாக இறங்கினான். தலையில் ஒரு மூட்டை, கையில் மம்பட்டி. மீனாள் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள், முதுகு அவன் பக்கம்.

"மீனா!" என்று கூப்பிட்டான்.

அவள் திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய், இன்னும் உரக்கக் கூப்பிட்டான். தெருவில் மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய் அவள் தோளைத் தொட்டான். மீனாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள், கீழே இருந்த மூட்டையைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பானது.

"இனிமே இங்கயேதானாப்பா?" என்று ஊருக்கே கேட்கும்படிக் கேட்டாள்.

சாத்தையா பதில் சொல்ல வாயெடுத்தான். பிறகு அவளுக்குத் தெரியும்படியாக, பெரிதாகத் தலையை ஆட்டினான்.